மூச்சு விடாதீங்க, மாமா

சரண்,

நேற்று நீ குடும்ப வாட்ஸப்பில் போட்ட படத்தைப் பார்த்தேன். கயாக் படகின் மேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, உன் தொடை நீளத்துக்கு ஒரு லிங்காட் மீனைத் தூக்கிப் பிடித்து, அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறாய். கீழே ஒரு செய்தி. ஞாயிற்றுக்கிழமை சன்னிவேல் வீட்டைக் காலி பண்ணிவிட்டு வடக்கே கடலோரமாகக் குடிபோகிறாயாம், வேலையை அங்கிருந்தே பார்த்துக்கொள்வாயாம், இனிமேல் வாரம் முழுக்க டைவ் பண்ணலாமாம், வழியனுப்ப எல்லாரும் வரணுமாம், அம்மா பிரியாணி கொண்டுவரணுமாம். உன் அப்பா உடனே கைதட்டுகிற பொம்மை ஒன்றைப் போட்டார். நான் எதுவும் போடவில்லை. எனக்குச் சொல்ல இருப்பது பொம்மையில் அடங்காது. தமிழில்தான் எழுதுகிறேன், வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். உனக்கு இதை எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடியும் என்று தெரியும். கூட்டிப் படி. இங்கிலீஷில் எழுதினால் மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நழுவிவிடுவாய்.

பிரியாணி கிடையாது. ஏன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அக்கா வித்யா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து மூன்று வாரமாக இங்கே, ஃப்ரீமான்ட்டில், உன் பழைய அறையில் இருக்கிறாள். ஏதோ அம்மா வீட்டில் சீராட வந்திருக்கிறாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். சான் ரமோன் வீட்டுக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். திங்கட்கிழமை ஒரு வக்கீலைப் பார்க்க நேரம் வாங்கி வைத்திருக்கிறாள். "அவர் எதையோ மறைக்கிறார்மா. ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியறதுக்குள்ள கிளம்பிப் போயிடறார். ஆபீஸ்ங்கறார். கார்ல பார்த்தா மிதியடி முழுக்க மணல். எந்த ஆபீஸ்ல மணல் இருக்கு? கேட்டா முகத்தையே பார்க்க மாட்டேங்கறார். ஐ ஆம் டன்," என்கிறாள். இதை நான் உனக்குப் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "தே வில் ஃபிகர் இட் அவுட், மா" என்றாய். அப்புறம் ஏதோ மீட்டிங் என்று வைத்துவிட்டாய். வித்யா சந்தேகப்பட்டது சரிதான், தங்கவேல் மாப்பிள்ளை ஒன்றை மறைக்கத்தான் செய்கிறார். அவர் மறைத்துக்கொண்டிருப்பது எந்தப் பெண்ணையும் இல்லை, உன்னை. அது எனக்கு இந்தச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

அன்றைக்கு அவர் குழந்தையின் துணிமணியைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார். வித்யா மாடியிலிருந்து இறங்கவே இல்லை. நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அத்தை, உங்க வேலையில ஒரு சந்தேகமுங்க," என்றார். "தண்ணிக்குள்ள ஒருத்தருக்குக் கொஞ்ச நேரம் மூச்சு நின்னு போச்சுன்னா, பின்னாடி மறதி கிறதி வருமுங்களா?" யாருக்கு மாப்பிள்ளை என்று கேட்டேன். "சரண் நம்ம கொழந்தை இனியனோட மொதப் பொறந்த நாளுக்கு வரலீங்க. போன் பண்ணினா எடுக்கறதில்லீங்க. மெசேஜ் போட்டாலும் பதிலில்லீங்க. முன்ன அப்படி இல்லீங்களே. அன்னைக்கு நடந்ததுல மூளையில ஏதாச்சும் ஆயிருக்குமோன்னு பயமா இருக்குதுங்க." அடப்பாவி! நீ அவரைக் கண்டுகொள்ளாமல் திரிகிறாய், அந்த மனுஷன் உனக்கு வியாதி என்று நினைத்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார். "மூளைக்கு ஒண்ணும் ஆகல மாப்பிள்ளை, அது அவன் குணம்," என்றேன். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, என்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். சொல்ல வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

என் வேலை என்ன என்று உனக்கு நினைவிருக்கிறதா, தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சு இழுக்க முடியாதவர்களை இழுக்க வைப்பது. குழாயைச் சரி பண்ணுகிறேன், மெஷினைத் திருகுகிறேன், ஆக்ஸிஜன் இறங்கினால் ஓடுகிறேன். ஒரு கிழவர் அடுத்த மூச்சை எடுப்பதற்காகச் சுற்றி நின்று நாலைந்து பேர் பாடுபடுகிறோம். நீ என்னவென்றால், நான் பெற்றுக் கொடுத்த நல்ல நுரையீரல் இரண்டையும் வைத்துக்கொண்டு, கை விறைக்கிற தண்ணீருக்குள் தலைகீழாகப் போய், வேண்டுமென்றே மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறாய். எதற்கு? ஒரு மீனுக்கு. மவ்ரி அவென்யூ மீன் கடையில் போய்க் கேட்டால் செதில் எடுத்து, துண்டு போட்டு, பையில் கட்டியே கொடுப்பான். "மா, இட்ஸ் லைக் மெடிட்டேஷன்" என்றாய். தியானம் பண்ண வேண்டுமென்றால் கட்டிலில் உட்கார்ந்து பண்ணுடா, அங்கே அலை அடிக்காது என்றேன். அதற்கும் சிரித்தாய்.

ஆனாலும் தடுத்தேனா? நீ அந்த மஞ்சள் கயாக்கைக் கார் கூரையில் கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு, "காருக்குப் பண்ணின மாதிரி இதுக்கும் பூஜை பண்ணும்மா" என்றாய். சக்கரமே இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எதன் கீழே வைப்பது? டிரைவ்வேயில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று வைத்து, நீயும் அப்பாவும் கயாக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டு நசுக்கினீர்கள். நான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலிக்கு மேலே தலையை நீட்டி, படகுக்குக் கல்யாணமா என்று கேட்டார். முதல் மீனை நீ கொண்டுவந்து வெட்டியபோது உள்ளே சதை நீலப் பச்சையாக இருந்தது. பார்த்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வெந்தால் வெள்ளையாகிவிடும் என்றாய். புளி கரைத்துக் குழம்பு வைத்தேன், வெள்ளையாகத்தான் ஆனது, நன்றாகவும் இருந்தது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அம்மாவுக்குக் கடல் பிடிக்காது, அதனால் கத்துகிறாள் என்று நீ சொல்லித் தப்பிக்கக் கூடாது. என் கோபம் கடல் மேலே இல்லை.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு ஸ்பூனை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினாய். தனியாகப் போகவே கூடாது. ஒருத்தர் கீழே போனால் ஒருத்தர் மேலே. மேலே இருக்கிறவர் மீனைப் பார்க்கக் கூடாது, காட்சி பார்க்கக் கூடாது, கீழே போனவரை மட்டும்தான் பார்க்க வேண்டும். அவர் மேலே வந்த பிறகும் கண்ணை எடுக்கக் கூடாது, ஏனென்றால் மயக்கம் வருவது பெரும்பாலும் மேலே வருகிற சமயத்திலோ வந்த பிறகோதான். வந்தால் முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்து, மாஸ்கைக் கழற்றி, கன்னத்தில் தட்டி, மூச்சு விடச் சொல்லிக் கத்த வேண்டும். நீ சொன்ன ஒவ்வொன்றும் சரி. என் படிப்புக்கு அது தெரியும். பரவாயில்லை, பயலுக்குப் புத்தி இருக்கிறது என்று நினைத்தேன். உன் ஆபீஸ் நண்பன்தான் எப்போதும் கூட வருவான் என்றாய். நம்பினேன்.

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அந்த நண்பனுக்குக் காய்ச்சல். கடல் அன்றைக்கு ஏரி மாதிரி கிடக்கிறது, இந்த மாதிரி நாள் இனி வராது என்று உனக்கு அரிப்பு. யாரைக் கூப்பிட்டாய்? கைக்குழந்தை அழுகையில் ராத்திரி எல்லாம் தூக்கம் கெட்டுக் கிடந்த உன் மாமாவை. தங்கவேல் மாப்பிள்ளை கோபிச்செட்டிபாளையத்துக்காரர். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். நம் வீட்டு நாய்க்குட்டியைக் கூட "வாங்க" என்பார் என்று நீயே நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறாய். கூடப் பிறந்த தம்பி இல்லாதவர், உன்னைத் தம்பி மாதிரிதான் வைத்திருந்தார். நீ கூப்பிட்டதும் மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். காரில் ஏறிய பிறகு நீ கேட்டிருக்கிறாய், "மாமா, யூ கேன் ஸ்விம், ரைட்? நீச்சல் தெரியுமில்ல?" அவர் சொல்லியிருக்கிறார், "நல்லாத் தெரியுமுங்க. எங்க தோட்டத்துக் கெணத்துல நாளெல்லாம் கெடந்தவனுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் நீச்சல் என்றால் கிணறுதான். மேலேயிருந்து குதிப்போம், நாலு தடவை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் அடிப்போம், படியைப் பிடித்து ஏறிவிடுவோம். தண்ணீர் அதன்பாட்டுக்கு நிற்கும். இழுக்காது, தூக்காது, குளிரில் கை மரத்துப் போகாது. உனக்கு நீச்சல் என்றால் கோச், கண்ணாடி, மெடல், அப்புறம் கடல். சொல் ஒன்றுதான். நீ ஒன்றைக் கேட்டாய், அவர் வேறொன்றைச் சொன்னார், இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டு போனீர்கள். என் பையன் இங்கேயே பிறந்தவன், ஆனால் தமிழ் எல்லாம் புரியும் என்று கோயிலிலும் பொட்லக் விருந்திலும் பெருமையடித்துக்கொண்டிருந்தேனே, புரிந்த லட்சணம் இதுதான். கிணறு என்ற சொல் உன் காதில் விழுந்ததல்லவா? அந்த இடத்தில் வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். இதை ஒரு புத்தியாகவே எடுத்துக்கொள். ஒருத்தர் கையில் உன் உயிரைக் கொடுக்கும்போது தெரியுமா என்று கேட்டு நிறுத்தாதே. எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேள். பதிலைக் காதில் வாங்கு.

அவருக்கு வாடகைக்கு ஒரு ரப்பர் சட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாய். தொப்பையால் முதுகுப் பக்க ஜிப் ஏறவில்லையாம், முதுகு திறந்தே இருந்ததாம். நீ கயாக்கைக் கடற்பாசித் தண்டில் கட்டிவிட்டு, அவரை அதன் மேல் உட்கார வைத்துவிட்டு, மூழ்குவதற்காக இடுப்பில் ஈயக் கட்டிகளைக் கட்டிக்கொண்டு ஈட்டித் துப்பாக்கியோடு இறங்கினாய். போய்ப் போய் வந்தாய். வரவர மேலே தங்குகிற நேரம் குறைந்துகொண்டே போனதை அவர் பார்த்தார். உதடு ஊதா நிறமாக இருந்ததையும் பார்த்தார். "போதுமுங்க, போலாமுங்க," என்று சொல்லியும் இருக்கிறார். "லாஸ்ட் ஒன், மாமா," என்றாய். கடைசித் தடவை மேலே வந்தாய், பாதி மூச்சு எடுத்தாய், முகம் தண்ணீரில் கவிழ்ந்தது. மீனைத்தான் குனிந்து பார்க்கிறாய், கூப்பிட்டால் கோபித்துக்கொள்வாயோ என்று ஒரு நொடி தயங்கினாராம். அந்த ஒரு நொடியைச் சொல்லும்போது என் அடுக்களையில் நின்று தேம்பினார் அந்த மனுஷன். அப்புறம் குதித்துவிட்டார்.

கிணற்றில் முங்குகிறவனை முடியைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். அவரும் முடியைத்தான் தேடியிருக்கிறார். உன் தலையில் ரப்பர் முக்காடு, கை வழுக்குகிறது. திறந்த முதுகு வழியாகக் குளிர்ந்த தண்ணீர் புகுந்து அவருக்கே மூச்சு அடைக்கிறது. மாஸ்கைப் பிடித்து இழுத்து, அது கையோடு வர, தாடையைப் பிடித்து உன் முகத்தைத் தூக்கியிருக்கிறார். மயங்கினால் இப்படிக் கத்த வேண்டும் என்று நீ காரில் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் எதுவும் அவர் வாயில் வரவில்லை. "மூச்சு விடு சரண்! டேய், மூச்சு விடுடா! மூச்சு விடு!" என்று கத்தியிருக்கிறார். நாய்க்குட்டிக்குக் கூட மரியாதை கொடுக்கிறவர் அன்றைக்கு உன்னை டேய் போட்டார். நீ மூச்சு விட்டாய். அதன் பிறகு கயாக்கில் ஏற அவருக்குத் தெரியவில்லை, ஏறப் பார்க்கப் பார்க்க அது கவிழ்கிறது. ஒரு கையால் உன்னையும் ஒரு கையால் அதையும் பிடித்துக்கொண்டு, கால் முட்டி பாறையில் கிழிய, அந்தப் பக்கம் வந்த வேறு இரண்டு பேர் கரைக்கு இழுக்கும்வரை தொங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர்கள் சொன்னதற்கு, ஐ ஆம் ஃபைன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். மயங்கி விழுந்தவனுக்கு நுரையீரலில் தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது என் பிள்ளைக்குத் தெரியாது, பாவம். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அது வரைக்கும் நடந்ததைக் கூட நான் மன்னித்திருப்பேன். திரும்பி வரும்போது காரில் நீ சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஹீட்டரை முழுக்க வைத்தும் அவருக்குப் பல் கிட்டிக்கொண்டிருந்ததாம். அப்போது நீ சொல்லியிருக்கிறாய், "மாமா, அம்மாகிட்ட மூச்சு விடாதீங்க. அக்காகிட்டயும் மூச்சு விடாதீங்க. அக்காவுக்குத் தெரிஞ்சா அம்மாவுக்குத் தெரிஞ்ச மாதிரிதான். ப்ராமிஸ் பண்ணுங்க." மூச்சு விடு, மூச்சு விடு என்று கத்தி உன்னை எழுப்பிய மனுஷனுக்கு நீ கொடுத்த பதில் இது. நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னானா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க அத்தை, அவருக்கும் பயமுங்க," என்றார். சொல்லவில்லை என்று புரிந்துகொண்டேன். அந்தப் பேச்சே என்னிடம் கற்றுக்கொண்டதுதான் என்று வாதாட வராதே. ஆமாம், அப்பாகிட்ட மூச்சு விடாதே என்று நான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது உடைந்து போன மிக்ஸி ஜாருக்கு. ஒரு ஆள் செத்துப் பிழைத்ததற்கு இல்லை.

உன்னால் ஆனது என்ன என்று கேள். முட்டியில் இருந்த காயத்துக்கு அன்றைக்கே ஒரு பொய். டிஷ்வாஷர் கதவு இடித்துவிட்டது என்று வித்யாவிடம் சொன்னார். டிஷ்வாஷர் கதவு கிழிக்கிற இடமா அது? அவள் அப்போதே முழித்தாள். இனியனை நீச்சல் வகுப்பில் சேர்க்கலாம் என்று குளத்துக்குக் கூட்டிப் போனாள். குழந்தையின் கால் தண்ணீரில் பட்டதும் இவர் எல்லார் முன்னாலும் பிடுங்கிக்கொண்டு காருக்கு ஓடிவிட்டார். ஷவரில் முகத்தைக் காட்டுவதில்லை, மக்கில் மொண்டு ஊற்றிக் குளிக்கிறார். அதையும் மறைத்துப் பார்த்திருக்கிறார். பேச்சு குறைந்தது. கேட்டால் எழுந்து போய்விடுவார். வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடுமோ என்று பயம், அவருக்கு. நமக்குள் ஒன்றுமே இல்லை போலிருக்கிறது என்று அழுகை, அவளுக்கு. நான் வேறு, எல்லா வீட்டிலும் இருக்கிறதுதான், அனுசரித்துப் போ என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். அந்த மணலைப் பற்றி நானே கேட்டேன். கேட்காமல் விட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அக்டோபருக்குப் பிறகு உன் நண்பன் உன்னோடு வருவதை நிறுத்திவிட்டானாமே, இவர் அவனையே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். உன்னோடு டைவ் பண்ணினால் ஒருநாள் உன் பிணத்தோடுதான் வரணும் என்று சொல்லிவிட்டானாம். நல்ல பையன். நீ நிறுத்தினாயா? நீ போடுகிற படங்களில் கூட இன்னொரு கயாக் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை, உன் அப்பா கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். போன் பண்ணினார், நீ எடுக்கவில்லை. தனியாப் போகாதீங்க என்று மெசேஜ் போட்டார், நீ பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாய். அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் சான் ரமோனிலிருந்து பாலம் தாண்டி, அத்தனை தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு, நீ இறங்குகிற அதே குடாவுக்கு மேலே, மேட்டில் இருக்கிற பார்க்கிங்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். கையில் ஒரு பைனாகுலர். நீ கரையேறிக் கயாக்கைக் கட்டிக் கிளம்பியதும், கீழே இறங்கி நீ நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவாராம். அதுதான் அந்த மணல். பனி மூடினால் ஒன்றும் தெரியாதாம். அன்றைக்கும் உட்கார்ந்திருப்பாராம்.

"அங்க உட்கார்ந்து என்ன மாப்பிள்ளை பண்ணுவீங்க? அவ்வளவு தூரத்துலேர்ந்து இறங்கி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிருக்குமே," என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. "கோஸ்ட்கார்டைக் கூப்பிடலாமுங்க," என்றார். அப்புறம், "ஒருத்தர் கீழ போனா ஒருத்தர் மேல இருக்கோணுமுன்னு சரண்தானுங்க சொன்னாரு. இப்ப மேல ஆருமில்லீங்களே, அத்தை," என்றார். நீ இந்தப் பாடம் நடத்தியவர்களில் ஒருத்தர் மட்டும் அதை நம்பியிருக்கிறார். அவருக்குக் கிணற்று நீச்சல்தான் தெரியும். ஆனால் மேலே இருப்பது என்றால் என்ன என்று உன்னைவிட நன்றாகத் தெரிகிறது. நீ இத்தனை சனிக்கிழமையில் ஒரு தடவை கூடக் கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வண்டி தெரிந்திருக்கும்.

இதை நானே வித்யாவிடம் சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் நிற்கிறது. சொன்னால் என்ன ஆகும்? "பொண்டாட்டி என்கிட்ட சொல்லாததை உன்கிட்ட சொன்னாராம்மா?" என்று அதற்கும் சேர்த்துக் கொதிப்பாள். அவரைச் சொல்லச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "சரணுக்கு வாக்குக் குடுத்துட்டனுங்க, அத்தை. நீங்களும் சொல்லீராதீங்க," என்கிறார். வீடு போகிறது, பெண்டாட்டி போகிறாள், பிள்ளை போகிறது, இந்த மனுஷன் உனக்குக் கொடுத்த வாக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முட்டாள்தனம்தான். ஆனால் அந்த முட்டாள்தனத்தால்தான் நீ உயிரோடு இருக்கிறாய், அதனால் அதைப் பற்றிப் பேச உனக்கு அருகதை இல்லை. வாக்கை வாங்கியவன் நீ, திருப்பிக் கொடுக்க வேண்டியவனும் நீதான். நான் அவரை வரச் சொல்லவே இல்லையே என்பாய். வரச் சொல்லவில்லை. நீ யாரிடமும் எதுவும் சொல்வதில்லை, எதுவும் கேட்பதும் இல்லை. அதைத்தான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வரும் சனிக்கிழமையும் நீ போவாய். நான் சொல்லி நிற்கவா போகிறாய்? போ. ஆனால் கயாக்கை இறக்காதே. நேராக அந்த மேட்டுக்கு ஏறு. சாம்பல் நிற வண்டி, பின் சீட்டில் குழந்தை நாற்காலி, முன்னால் அவர். கண்ணாடியைத் தட்டு. பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, அவரைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. வித்யா வீட்டில்தான் இருப்பாள். அவள் முன்னால் நின்று, இங்கிலீஷிலோ தமிழிலோ, நடந்தது முழுவதையும் நீ சொல். மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அவள் உன்னை அடித்தால் வாங்கிக்கொள். நான் குறுக்கே வர மாட்டேன்.

வரவில்லையென்றால் திங்கட்கிழமை அவளை வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போகிறவள் நானாகத்தான் இருப்பேன், அவளுக்கு வண்டி ஓட்டுகிற நிலைமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ உன் மீன் இருக்கிற ஊருக்குக் குடிபோய்விடுவாய். அதற்கு அடுத்த சனிக்கிழமை நீ எந்தக் குடாவில் இறங்கினாலும், அந்த மனுஷன் விசாரித்துக் கண்டுபிடித்து அதற்கு மேலே வந்து உட்கார்ந்திருப்பார், எனக்குத் தெரியும். நீ பத்திரமாகக் கரையேறுகிறவரை பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் வண்டியைக் கிளப்புவார், திரும்பிப் போக வீடு இருக்காது.

அம்மா